பொத்தான் போடத் தெரிந்த பிள்ளை

என் அருமை ராத்தாவுக்கு,

உன் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு என் மாமியார் பள்ளுருத்தியிலிருந்து வந்திருந்தாள். நீ உயிரோடு இருந்தவரை இந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள், கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது.

போகும்போது என் பிள்ளை ஜமாலுக்கு ஒரு சட்டை கொடுத்தாள். கழுத்திலிருந்து வயிறு வரை பொத்தான் வைத்த வெள்ளைப் பாப்ளின் சட்டை.

"மோன் இத தன்னால இடுவானா, மைமூன்? சோறெல்லாம் தானே தின்னுவானா?"

பேரன் மேல் பாசம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அக்கா, நீ நினைத்திருக்க மாட்டாய். மீன்காரி கூடுதலாக ரெண்டு மத்தி போட்டாலே ஏன் என்று கேட்டவள் அல்லவா நீ? அடுத்த வெள்ளிக்கிழமை மாமியாரின் இளைய மகன் வந்தான். சாயா குடித்துவிட்டு, "பய கால் கழுவ நீங்க போகணுமா, அவனே கழுவிக்குவானா?" என்று கேட்டான். இதுவும் ஒரு விசாரிப்பா?

இதற்கிடையில் மச்சான், ஜூ டவுன் மிளகுக் கிடங்கில் வேலை முடிந்து, என்னைக் கட்டிய அந்த ஆளோடு சாயாக்கடையில் உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். உன் புருஷனையே சந்தேகப்படுகிறேன் என்று கோபப்படாதே. நீ போன வீட்டில் நானும் என் பிள்ளையும் எந்த உறவைச் சொல்லி இருக்கிறோம்? மறு கல்யாணம் என்று அவர் நினைத்தால் நாங்கள் இடைஞ்சல்தானே?

கடைசியில் விஷயத்தைச் சொன்னதும் மச்சான்தான். ஆண்பிள்ளை ஏழு வயது வரை தாயிடம், அதற்குப் பிறகு தகப்பனிடம் என்பது முறை. ஜமால் பிறந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளை தானே தின்று, தானே உடுத்தி, தானே கழுவிக்கொண்டால் தாயின் முறை முடிந்தது என்று பள்ளிவாசலில் பேசி அவனைக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். இதை ஏன் என்னிடம் சொன்னார் என்று மச்சானை அதற்கும் ரெண்டு நாள் சந்தேகப்பட்டேன்.

ஜமாலுக்கு ஆறுதான். அவன் பிறந்ததும் முதலில் கையில் வாங்கியவள் நீ. அந்த ஆள் அடித்து இடது காதில் ரத்தம் வழிய நான் இந்த வாசலில் வந்து நின்றதைப் பார்த்தவளும் நீ. ரெண்டையும் சொல்ல இருந்த ஒரே வாய் மண்ணுக்குள் போகட்டும் என்றுதான் காத்திருந்தார்களா?

அவனுக்கோ அந்தச் சட்டை என்றால் உயிர். காலையில் எழுந்ததும் தானே மாட்டி, கீழிருந்து மேலாகப் பொத்தான் போட்டு, என் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி நிற்பான். எந்தத் தாய் அதைப் பார்த்துப் பயப்படுவாள்? நான் பயந்தேன்.

போன வாரம் கூப்பிட்டார்கள். பள்ளிவாசலை ஒட்டிய அறையில் தொழவைக்கும் அஜரத்தும் ஆண்களும் இருந்தார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம். அந்த ஆள் குரலில் தேன் ஒழுகியது.

"பெண்டாட்டி கூட சண்டை வழக்கு உண்டாயிருக்கலாம், அஜரத். பிள்ளைய ஒரு நாள் அடிச்சிருக்கேனா? ஆராவது சொல்லட்டும்."

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரைத் துணியைப் பிடித்தேன், விலக்கவில்லை.

அஜரத் ஜமாலைக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, அதை அவன் கையிலேயே கொடுத்தார். "மோனே, இந்தக் குப்பாயத்த இட்டுக் காட்டு பாப்போம்."

"இடு மோனே, உனக்குத் தெரியுமே," என்றான் அந்த ஆள்.

திரை ஓட்டை வழியாகப் பார்த்தேன். பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். பிறகு நேரே திரைக்கு வந்து, அடியில் நுழைந்து, ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா, இட்டுக் குடு."

அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "பச்சப்புள்ள. இன்னும் ஒரு வருஷம் தாய்கிட்ட இருக்கட்டும், அப்புறம் நோக்கலாம்," என்றார் அஜரத். நான் பொத்தான் போட்டேன். அவன் என் கேட்கிற வலது காதாகப் பார்த்து வாயை வைத்தான்.

"சரியாச் செஞ்சேனா, அம்மா?"

நான் சொல்லிக் கொடுக்கவில்லை, ராத்தா. சத்தியமாக இல்லை. யாரிடம் கற்றான் என்று யோசிக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. நேற்றுப் பக்கத்து வீட்டில் கொடுத்த மிட்டாயைத் தின்னாமல் கொண்டுவந்து, "இது எதுக்குக் குடுத்தாங்க?" என்று கேட்கிறான். பிள்ளை என்னிடமே இருக்கிறான், ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. அழுகைதான் வருகிறது.

அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள். அன்று அவன் தன் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு வரட்டும். எனக்காக அவன் பொய்யாக நிற்க வேண்டாம். உன் வாயை நம்பியே இத்தனை காலம் இருந்துவிட்டேன், இனி இருக்க மாட்டேன். பிள்ளையை அடித்தேனா என்று அந்த ஆள் கேட்கும்போது திரையை விலக்கிக்கொண்டு நானே வெளியே வருவேன். என்னை அடித்த அன்று பிள்ளை என் இடுப்பில்தான் இருந்தான் என்று சொல்வேன்.

உன் கூடப்பிறந்த தங்கை,
மைமூன்