சரி என்று அமுக்கும் வேலை

அன்புள்ள மலருக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

இந்தப் புனே பட்டறையில் லாரி பாடிக்குக் கம்ப்யூட்டரில் படம் போடுகிறேன் அல்லவா, இப்போது அதை நான் போடுவதில்லை. நம்ம புதுச்சத்திரத்து இன்ஜினியர் நவநீதகிருஷ்ணன் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். அது வெளியிலிருந்தே படம் வரையும் சாஃப்ட்வேரை ஏவுகிறது. மவுஸைத் தொடாமலே கோடுகள் ஓடுகின்றன. நடுவில் "தொடரவா?" என்று ஒரு பெட்டி வந்தால் மட்டும் நின்றுவிடும்.

"ஏனுங்கண்ணா, பொட்டி வந்தா சரின்னு அமுக்குங்க, மத்தத அதே பாத்துக்குமுங்க" என்றார். பத்தாவது படித்தவனுக்கு ஏற்ற உத்தியோகம்தான் என்று நானும் சிரித்தபடி அமுக்கினேன். நேற்று அந்தப் பெட்டியும் வராமல் செய்துவிட்டார். நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

இங்கே லோடு கொண்டுவரும் சின்னண்ணன் லாரியில் பருப்புப்பொடி கொடுத்தனுப்பினால் கொஞ்சமாக அனுப்பு.

மாரியம்மன் நோம்பிக்கு லீவு கேட்டேன். வருஷா வருஷம் முகம் சுளிக்கும் முதலாளி, இந்த முறை, "அவசரமே இல்லை, நிதானமாக இருந்துவிட்டு வாருங்கள்" என்றார். நம் பாப்பா நித்யஸ்ரீயிடம் அப்பாவுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்.

டீக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன்
தங்கமுத்து