கையுறை இல்லாமல்

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ராத்தாவுக்கு, தங்கை மைமூன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மச்சானும் என் மகள் முனீராவும் சுகமாக இருக்க வேண்டும் என்றே தினமும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசினால் என் குரலை வைத்தே மனசைக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இன்று எனக்கு விடுமுறை. தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். ஞாயிறு என்பதால் நம் ஊர்ப் பிள்ளைகள் பக்கத்துப் புல்வெளி முழுக்க உட்கார்ந்து போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மீன் வாங்காமலே அறைக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கைச் சுத்தம் பற்றித் தேர்வு வைத்தார்கள். கையுறை போட்டால் கை கழுவ வேண்டியதில்லை என்று பலர் எழுதியிருந்தார்களாம். கட்டில் கம்பியை மட்டும் தொட்டாலும் கையைச் சுத்தம் செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று எழுதி நானும் தவறினேன். அதன் பிறகு வார்டு பொறுப்பாளர் மோகனப்பிரியா சிஸ்டர், யார் கையைச் சுத்தம் செய்கிறார்கள், யார் மறக்கிறார்கள் என்று பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

டாக்டர் பிரபாகரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். வார்டில் வேலை பார்ப்பவர்களில் என்னிடம் தமிழில் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். "மகள் எப்படி இருக்கா, சிஸ்டர்?" என்று கேட்காமல் போக மாட்டார். போன வாரம் ஒருவருடைய புண்ணைப் பார்த்துவிட்டு, அதே கையுறையோடு அடுத்த கட்டிலுக்கு வந்தார். அங்கே செல்வராஜ் ஐயா, வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். வயிற்றுக் கட்டைப் பிரிக்கப் போன டாக்டரின் கையை நான் தடுத்தேன். "டாக்டர், அதக் கழட்டிட்டு, கையைச் சுத்தம் பண்ணிட்டுத் தொடுங்க" என்றேன். பயிற்சி டாக்டர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சிவந்தது. சொன்னபடி செய்தார்.

இப்போது ஒவ்வொரு கட்டிலிலும் கையுறையை மாற்றுகிறார், கையையும் சுத்தம் செய்கிறார். ஆனால் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார், அதுவும் வேலைக்கு வேண்டிய வார்த்தைகள் மட்டும். சாப்பாட்டு அறையில் நான் நுழைந்தால், "போலீஸ் வந்தாச்சு லா" என்று யாராவது இந்த ஊர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்கிறார்கள். பிறகு பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு மேசையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறேன். நான் செய்தது சரிதான் ராத்தா. மறுபடியும் அப்படி நடந்தால் மறுபடியும் தடுப்பேன்.

செல்வராஜ் ஐயா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். மனைவி இல்லை, பார்க்க வருகிறவர்களும் இல்லை. நேற்று முன்தினம் சாயங்காலம் போர்வையைச் சரிசெய்தபோது, "எல்லாரும் ரப்பர் கையாலயேதான் தொடுறீங்கம்மா. மனுஷங்க கை எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கையைப் பிடிப்பதற்குக் கையுறை எதற்கு? சுத்தமான கை போதும். கிருமிநாசினியை விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, காயும்வரை நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காய்ப்புக் காய்த்த கை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். விட்டுவிடலாம் என்று பார்த்தால் எனக்கு விட மனமில்லை. ஏர்போர்ட்டில் முனீராவின் கையை விட்டதற்குப் பிறகு, வேலைக்காக இல்லாமல் நான் பிடித்த கை அதுதான்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய்விட்டார். புண் சுத்தமாக ஆறியிருந்தது. அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

போனில் என்னோடு பேச மாட்டேன் என்று முனீரா சொன்னால் அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். குழந்தை, பழகியவர்களிடம்தான் ஒட்டுவாள். அவள் தூங்கியதும் அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருங்கள் ராத்தா. நான் சொன்னதாக அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் எல்லோரையும் அல்லாஹ் தன் காப்பில் வைத்திருக்கட்டும்.

உங்கள் தங்கை,
மைமூன்