பெரியப்பா கேட்ட கடைசி அடி

அன்புள்ள தாம்சின் அக்காவுக்கு,

பிலடெல்பியாவில் நீ சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு அம்மா சொல்லச் சொல்ல, உன் தங்கை கெட்டூரா எழுதுகிறேன். இங்கே அம்மாவின் வலது கையைத் தவிர எல்லோரும் சுகம். மேப்பிள் மரத்துச் சாறைப் பாகாகக் காய்ச்சும்போது கொப்பரை சரிந்து கையைச் சுட்டுக்கொண்டாள். "இதைப் பெருசா எழுதாதேடி, அவ அங்க உக்காந்து அழுவா" என்கிறாள். புண் ஆறிவருகிறது. பாகு இந்த வருஷம் நிறைய. அடிமைகள் விளைவித்த சர்க்கரை ஒரு சிட்டிகைகூட வாங்காமல் அடுத்த பனிக்காலம்வரை ஓட்டிவிடலாம். நீ பேசப்போன மண்டபத்தில் கல்லெறிந்தார்களாமே, அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. அடிமைகளுக்காக எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை, ஜன்னலோரம் மட்டும் உட்காராதே என்கிறாள்.

இதை ராத்திரியில் ஒளித்து எழுதுகிறோம். ஒபதயா பெரியப்பா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். இன்று நடந்ததை உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்கு அவசரம். எனக்கோ பேனா கீறும் சத்தமே அவர் காதில் விழுந்துவிடுமோ என்றிருக்கிறது. உன் கவிதை பத்திரிகையில் வந்ததிலிருந்து அவர் பொருமிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். அடிமைத்தனம் பாவம் என்பதில் அவருக்கு உன்னைவிடச் சூடு அதிகம், கவிதைதான் ஆகாது. "சத்தியத்துக்கு எதுக்கு ஆட்டுக்குட்டி மாதிரி மணி கட்டி விடறா?" என்பார். இன்றைய மாதக் கூட்டத்தில் உன்னைச் சபையிலிருந்து நீக்கும்படி கேட்கப்போவதாக நேற்றே சொல்லிவிட்டார்.

முதலில் வழக்கம்போல் மௌன ஆராதனை, ஆவி ஏவினவர் மட்டும் எழுந்து பேசும் நேரம். அடுப்பில் விறகு வெடிப்பது மட்டும்தான் கேட்டது. நான் உன் வரிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன், முழங்கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஆவி ஏவினால் இப்படித்தான் இருக்கும் என்பார்களே, அதுவா, வெறும் பயமா என்று தெரியாமலே எழுந்து நின்றுவிட்டேன். "என் கோப்பையில் கரைவது சர்க்கரை இல்லை, எங்கோ ஒரு தாய் விழுங்கிய அழுகை, அவள் பிள்ளையை விற்ற விலையில் என் காலை இனிக்கிறது" என்று மெதுவாகச் சொன்னேன். கடைசி அடி மறந்துபோய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முன் வரிசைப் பலகையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா கண்ணைத் துடைத்தார்! கவிதை என்றால் தொடவே மாட்டாரே, உன் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்திருந்தால்தானே இது உன் வரி என்று தெரியும். மூப்பர்கள் கைகுலுக்கி ஆராதனையை முடித்ததும், கூட்டத்துக்காக ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தட்டியை இறக்குமுன் பெரியப்பா எழுந்து, "இந்தப் பிள்ளை வாயில வந்ததைக் கேட்டீங்களா? உண்மை வந்தா இப்படித்தான் வரும். இதுக்குக் கவிதை எதுக்கு?" என்றார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சும்மா இருந்தால் அதுவும் பொய்தானே. "பெரியப்பா, அது தாம்சின் எழுதின கவிதை" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பாதிக் காது கேட்காத விதவை பெனினா மட்டும் எப்படியோ கேட்டுவிட்டு, "தாம்சின் கவிதையாம்! ஒபதயா, எந்த வாசல் வழியா வரணும்னு ஆவிக்கு நீதான் சொல்லித்தரணுமா?" என்று உரக்கக் கேட்டாள். சபையில் சிரிக்கக் கூடாதென்று எல்லோரும் குனிந்துகொண்டார்கள், பலகைகள்தான் குலுங்கின. பெரியப்பா தொப்பியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கடைசியில், "இந்தக் காரியத்துல எனக்குத் தெளிவு இல்ல" என்று உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், உன்னை நீக்கும் பேச்சு அதோடு விழுந்துவிட்டது. நீ நம் சபையிலேயே இருக்கிறாய் அக்கா! வண்டியில் வரும்போது அம்மா கட்டுப்போட்ட கையை மறந்து என்னை இறுக்கி அணைத்து, வலியில் கத்திக்கொண்டே சிரித்தாள்.

இதை எழுதும்போதே பெரியப்பா கதவருகில் வந்து நின்றுவிட்டார். காகிதத்தை மடியில் ஒளித்துக்கொண்டேன், பயத்தில் மை கொட்டிவிட்டது, மேலே உள்ள கறை அதுதான். அவர் திட்டவில்லை. மெழுகுவர்த்தியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அவளுக்குத்தானே எழுதறே? நீ பாதியில உக்காந்துட்டே. கடைசி அடி என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கர்த்தர் உனக்குத் துணையிருப்பார், எங்கள் ஆசி எப்போதும் உன்மேல் இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். கம்பளிக் காலுறை அனுப்புகிறோம், அடிமைகள் பறித்த பருத்தியை அங்கே வாங்காதே. கடைசி அடியை மறக்காமல் பெரிய எழுத்தில் எழுது. பெரியப்பாவின் கண்ணாடி பழசு.

இப்படிக்கு, இடது கையால் கையெழுத்திடும் உன் அம்மா,
மெகிட்டபெல்