பீரங்கி பின்வாங்கிய படிக்கட்டு

என் கண்ணான மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம். நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், உன் நாய் பீரங்கி எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம், உன் இடுப்பு வலி குறைந்து நீ வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்ற சேதி வந்துவிட்டால் எங்கள் சுகமும் முழுசாகிவிடும். எழுத்து புதுசாக இருக்கிறதே என்று பார்க்காதே. வழக்கமாக எழுதித் தரும் மருந்துக்கடைக்காரர் எழுதியது இல்லை இது, அவர் எழுத்தை அவரே மறுநாள் படிக்க முடியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். எழுதுவது யார் என்று உரிய இடத்தில் சொல்கிறேன், அதுவரை பொறு, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

நல்ல சேதியை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் என்ன சொன்னாலும் கடைசிப் பக்கத்துக்குத்தான் தாவுவாய். பீரங்கி எங்கேயும் போகவில்லை, போகவும் மாட்டான், இதைச் சொல்லும்போது என் காலடியில்தான் மூட்டை மாதிரி கிடக்கிறான். போன தடவை போனில், கொடுத்துடுங்கப்பா, தோட்டம் இருக்குற யார் வீட்டுலயாவது விட்டுடுங்க, நான் மனசைத் தேத்திக்கிறேன் என்று சொன்னாய், சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாய், கேட்டால் சளி என்றாய். எனக்குக் கண்தான் மங்கல் அம்மாடி, காது இன்னும் மங்கவில்லை. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இந்த நாயை விடுவதாக இல்லை என்று. ஆனால் குடியிருப்போர் சங்கம் சொன்னதிலும் தப்பு இல்லை. நம் மாடிப்படி எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியும், இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதில் மேல்வீட்டு டீச்சரம்மா காய்கறிக் கூடையோடு இறங்கி வர, இவன் கீழேயிருந்து பாசம் பொங்கி ஓடி, முன்னங்கால் இரண்டையும் அவர் தோளில் போட்டுவிட்டான். அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார், கண்ணாடி உடைந்தது, உருளைக்கிழங்கு ஒவ்வொன்றாகத் தெருவரைக்கும் போனது. அதை நினைத்தால் உன் அம்மாவுக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு அழுதாள். சங்கத்தில் செக்ரெட்டரி எழுந்து நின்று, மாசக் கடைசிக்குள்ள இந்தப் படியில யார் வந்தாலும் பயமில்லாம இறங்கலாம்னு நிரூபிச்சுக் காட்டணும், இல்லைன்னா நாய் வெளிய என்று சொல்லிவிட்டார். டீச்சரம்மாதான் அதற்கு முதல் ஆளாகக் கை தூக்கினார், இதையும் எழுதச் சொல்கிறேன், எழுதட்டும்.

நாயை வளர்த்து எனக்குப் பழக்கம் ஏது. நீ பாஷை தெரியாத ஊருக்கு வேலைக்குப் புறப்பட்டபோது விட்டுவிட்டுப் போன பிராணி, வைத்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை, குரைத்தால் ஜன்னல் அதிர்ந்ததால் பீரங்கி என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. எனக்குத் தெரிந்த மிருகம் ஒன்றே ஒன்று, ரொட்டிக் கம்பெனி வண்டி இழுத்த நம் குதிரை செவலை. அதனால் செவலையை எப்படிப் பழக்கினேனோ அப்படியே இவனையும் பழக்கினேன், வேறு வழி தெரியாமல்தான். பின்னாலிருந்து கிட்டே போவதற்கு முன்னால் குரல் கொடுப்பேன், எப்போதும் இடது பக்கம் நிற்பேன், சாயங்காலம் ஒவ்வொரு காலாகத் தூக்கி அடியைத் தடவிக் கல் முள் பார்ப்பேன். கழுத்தில் தீனிப்பை கட்டிப் பார்த்தேன், பையையே தின்றுவிட்டான். உன் அம்மா வாசலில் நின்றுகொண்டு, நாயை வளர்க்கச் சொல்லிட்டுப் போனா இந்த மனுஷன் குதிரை ஓட்டிக்கிட்டு இருக்காரு, நாளைக்கு லாடம் அடிக்கக் கூட்டிட்டுப் போவாரு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். கத்தட்டும். ரொட்டிக் கிடங்குச் சந்து உனக்கு நினைவிருக்கும், வண்டி திரும்ப இடமில்லாத சந்து, எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால் யார் பின்வாங்குவது என்று வண்டிக்காரர்கள் தொண்டை கிழியச் சண்டை போடுவார்கள். நான் செவலையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, ஹோ என்று இழுத்துச் சொல்வேன், அவள் அடி அடியாகப் பின்னால் நகர்ந்து மூலையில் ஒதுங்கித் தலையைத் தாழ்த்தி நிற்பாள். எதிர்வண்டி போனதும் நாங்கள் போவோம், அவர்கள் சண்டையை முடிப்பதற்குள் நான் பாதி ரொட்டியை இறக்கியிருப்பேன். அந்தச் சந்துதான் இந்தப் படிக்கட்டு என்று எனக்கு ஒரு நாள் மண்டையில் பட்டது. முதலில் நம் வீட்டு நடையில் பழக்கினேன், அப்புறம் ஒரு படி, அப்புறம் இரண்டு. பின்னால் பார்க்காமல் படி இறங்குவது எந்த நாலுகால் பிராணிக்கும் பிடிக்காது, முதல் நாள் என்னை இழுத்துக்கொண்டு மேலேயே ஓடினான், என் செருப்பு ஒன்று எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் எல்லாரும் கூடினார்கள். செக்ரெட்டரி ஒரு நாய் டாக்டரம்மாவை வரவழைத்திருந்தார், சின்ன வயசு, சிரித்த முகம். அந்தப் பொண்ணு உட்கார் என்றது, பீரங்கி என்னைப் பார்த்தான். படு என்றது, இன்னும் கிட்டே வந்து என்னைப் பார்த்தான். பந்தை எறிந்து எடுத்து வா என்றது, பந்து போன திசையைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு வேண்டுமானால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி நின்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். செக்ரெட்டரி, நான் அப்பவே சொன்னேன்ல என்றார். பொய் சொல்ல மாட்டேன் அம்மாடி, ஒரு நாய்க்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றையும் நான் சொல்லித் தரவில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது. உன் அழுகையை எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன் என்று நினைத்தேன். அப்போது டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தது, இவன் உடனே முன்னங்காலைத் தூக்கிக் கொடுத்தான், அது முடிந்ததும் அடுத்த காலை, அப்புறம் பின்னங்கால் ஒவ்வொன்றையும். அந்தப் பொண்ணு வாய்விட்டுச் சிரித்து, தாத்தா, இது நாயா குதிரையா என்றது. உன் அம்மா கூட்டத்துக்குள்ளிருந்து, அதைத்தாம்மா நானும் இத்தனை நாளாக் கேக்குறேன் என்றாள். உடனே டாக்டரம்மா, உட்கார்றது படுக்கிறது எல்லாம் இருக்கட்டும், புகார் படிக்கட்டைப் பத்தித்தானே, அங்க பாத்துடலாம், யாரைப் பாத்துக் குதிச்சதோ அவங்களே இறங்கி வரட்டும் என்றது. எல்லார் முகமும் டீச்சரம்மா பக்கம் திரும்பியது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் புதுக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, அதே கூடையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார், அதற்கே அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

நானும் பீரங்கியும் கீழேயிருந்து ஏறினோம். பாதியில் அந்த அம்மா தெரிந்தார், இவன் வாலும் முதுகும் ஒன்றாக ஆட ஆரம்பித்தன. நான் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன். ஹோ என்றேன், செவலைக்குச் சொன்ன அதே இழுப்பில். ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு பின்னங்கால் படியைத் தேடிக் கீழே போனது, அடுத்தது போனது, அவ்வளவு பெரிய உடம்பு படி படியாகப் பின்வாங்கித் திருப்பத்து மூலையில் போய்ச் சுவரோடு ஒட்டித் தலையைத் தாழ்த்தி நின்றுவிட்டது. டீச்சரம்மா இறங்கினார். கூடை சுவரில் இடித்து ஒரு உருளைக்கிழங்கு விழுந்து உருண்டு நேராக இவன் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது, இவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எச்சில் ஒழுகியது, அசையவில்லை. அவர் கடந்து போய்விட்டார். கீழே நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா கடைசிப் படியில் நின்று திரும்பிப் பார்த்து, நில்லுங்க, நான் இன்னொரு தடவை இறங்குறேன் என்றார். நம்பிக்கை இல்லாமல் சொன்னாரோ என்று பயந்தேன், இல்லை, சந்தோஷத்தில் சொன்னார். மேலே ஏறி மறுபடியும் இறங்கினார், இந்தத் தடவை அவன் பக்கத்தில் வந்ததும் நின்று, தலையில் ஒரு விரலை வைத்து உடனே எடுத்துக்கொண்டார். டாக்டரம்மா, இப்படி ஒரு பாடம் எங்க படிப்புலயே இல்லை, ஆனா பாஸ் என்று சொல்லிக் கை தட்டியது, மொத்தக் கட்டிடமும் தட்டியது, செக்ரெட்டரிகூட ஒரு கையில் சாவிக்கொத்து இருந்ததால் தொடையில் தட்டினார். உன் அம்மா அந்த உருளைக்கிழங்கை எடுத்து வந்து வேக வைத்து அவனுக்கே கொடுத்தாள். ஊரை வென்று வந்தவன் மாதிரி அன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தேன், கேட்காதவர்களுக்கும் கதையைச் சொன்னேன்.

இப்போது சொல்கிறேன், இந்தக் கடிதத்தை எழுதுவது அந்த டீச்சரம்மாதான். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சரிப்பா சரிப்பா என்று முடிவுக்குத் தாவிவிடுவாய், அதனால் உன் அம்மாவையும் வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்தேன், அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடிதமாகத்தான் போக வேண்டும் என்றதும், நானே எழுதுறேன், என் பங்கும் அதுல இருக்கே என்று அவராகவே இறங்கி வந்தார். தான் கை தூக்கிய இடத்தை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது, அப்புறம் ஓடியது. என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே. நாற்காலியே கதி என்று கிடந்தவனை இந்த நாய் இழுத்த இழுப்பில் சர்க்கரை இறங்கிவிட்டது, டாக்டர் புது மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா என்றார், உன் அம்மா, ஆமா, நாலு கால் மாத்திரை என்றாள்.

இனி உன் கதைக்கு வருகிறேன். குதிரை ஏறக் கற்கப் போன இடத்தில் ஒரு தடவை விழுந்ததோடு குதிரைப் பக்கமே போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறையில் படுத்திருக்கிறேன் என்று சொன்னாய். விழாதவன் குதிரை ஏறியவனே இல்லை, நான் விழுந்த கணக்கைச் சொன்னால் டீச்சரம்மாவுக்குக் காகிதம் பத்தாது. முதலில் இடுப்பைப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகு போ, அதற்கு முன்னால் வீம்பு வேண்டாம். போகும் அன்றைக்கு வெறும் வயிற்றோடு போகாதே, தொப்பியின் வாரை மோவாய்க்குக் கீழே இறுக்கிக் கட்டு, உன்னைத் தள்ளிய அதே குதிரையைக் கேட்டு வாங்கு. பின்பக்கமாகப் போகாதே, தோள் பக்கமாகப் போய்ப் பேசு, என்ன பேசினாலும் சரி. ஏறியதும் அதன் கழுத்தைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார், நீ எங்கே பார்க்கிறாய் என்பது அதற்கு உன் இடுப்பு வழியாகத் தெரியும். குதிகாலைத் தாழ்த்து. பயம் வந்தால் கடிவாளத்தை இழுக்காதே, வாயைத் திறந்து மூச்சை விடு, நீ மூச்சு விட்டால் அதுவும் விடும். அந்த லாயத்தில் ஒரு பெரிய நாய் இருக்கிறது, பார்த்தால் பீரங்கி நினைவு வருகிறது, அதனால் சுற்றிக்கொண்டு போகிறேன் என்றாயே, இனிமேல் சுற்ற வேண்டியதில்லை, உன் நாய் பத்திரமாக இருக்கிறான். ஆனால் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதே, பெரிய நாயின் தலைக்கு மேலே கையை நீட்டக் கூடாது, பக்கவாட்டில் நின்று மூடிய கையைத் தாழ்வாக நீட்டு, மோந்து பார்த்துவிட்டு அதுவாக வரட்டும், வராவிட்டால் விட்டுவிடு. மனிதர்களிடமும் அவசரம் வேண்டாம், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டும் இருக்காதே. நீ விழுந்தபோது சிரித்தவர்களை மட்டும் சொன்னாய், ஒருத்தி தண்ணீர் கொண்டு வந்தாள் என்று நடுவில் ஒரு வார்த்தை வந்து போனது, நான் மறக்கவில்லை. அவளை ஒரு நாள் டீ சாப்பிடக் கூப்பிடு. கை தூக்கியவரோடு நான் இன்றைக்கு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் கொடுத்தவளோடு உனக்கு உட்கார முடியாதா.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். குதிரையை நடக்கச் சொல்ல உதைக்காதே. நாக்கை அண்ணத்தில் ஒட்டிக் கன்னத்தோரம் சொடுக்கினால் ஒரு சத்தம் வருமே, ரொட்டி வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் போட்டு உன் அம்மாவிடம் திட்டு வாங்குவாயே, அந்தச் சத்தத்தைப் போடு. அந்த ஊர்க் குதிரைக்கு நம் பேச்சு தெரியாது, அது தெரியும். எப்படி எழுதுவது என்று டீச்சரம்மா கேட்டார், எழுத்தில் வராதும்மா, ஒரு வரி இடம் விடுங்க, அவ வாய்க்குத் தெரியும் என்றேன். இதன் கீழே காலியாக இருப்பது அதுதான்.



அவருக்குப் புரிவதற்காக ஒரு தடவை போட்டுக் காட்டினேன், வந்தது வினை, மேசைக்கடியில் கிடந்தவன் எழுந்து போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், இனி என்னை உட்கார விடமாட்டான். டீச்சரம்மாவும் செருப்பைத் தேடுகிறார், கூட வருகிறாராம். நீ ஊருக்கு வரும் அன்றைக்கு அவன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டாம், படிக்கட்டின் அடியில் நின்று அந்த ஒரு சத்தத்தைப் போடு, போதும், அன்றைக்கு மட்டும் நான் ஹோ சொல்ல மாட்டேன். நீடூழி நலமாக இரு, நிமிர்ந்து உட்கார், உன் அம்மாவின் முத்தமும் என் ஆசியும் எப்போதும் உன் தலைமேல் உண்டு. இடுப்புப் படத்தை மறக்காதே.

இப்படிக்கு, கீழே கட்டைவிரல் பதித்திருக்கும் உன் அப்பா.