ப்ளீச்சிங் தண்ணீரில் போட்ட கடிதம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா, முதலில் அதைச் சொல். நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் ஊர் அணுமின் நிலையம் வெடித்ததிலிருந்து உன் போனும் கிடைக்கவில்லை, இங்கேயும் ஒருத்தருக்கும் புத்தி நிலையில் இல்லை. உப்பு தின்றால் கதிர்வீச்சு அண்டாது என்று எவனோ கிளப்பிவிட, உன் அப்பா முண்டியடித்து ஆறு பொட்டலம் வாங்கிவந்தார், அந்த மனிதருக்கு இருக்கிற ரத்தக்கொதிப்புக்கு! ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி அடைத்து வீடே புழுங்குகிறது. மாடி வீட்டுக்காரம்மா வந்து, உங்க பையன் அங்கேர்ந்து வந்தா காம்பவுண்டுக்குள்ள விடாதீங்க, நாங்களும் புள்ளகுட்டிக்காரங்க என்றாள். பெற்றவள் நான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தலையை வேறு ஆட்டினேன்டா.

செவ்வாய்க்கிழமை காய்கறி லாரி டிரைவர், உங்களைத் தங்கவைத்திருக்கிற முகாமிலிருந்து நீ கொடுத்துவிட்ட கடிதத்தைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாகத் துணி வெளுக்கிறேன் இல்லையா, தொற்று வார்டு மூட்டை வந்தால் பிரிக்காமல் ப்ளீச்சிங் தண்ணீரில் அரை மணி ஊறப்போடு என்றுதான் இந்தக் கைக்குப் பழக்கம். உன் உறையையும் இடுக்கியால் பிடித்து அப்படியே வாளியில் முக்கி, மேலே தட்டை வைத்து அமுக்கினேன். மணி வேறு பார்த்தேன், பாவி. எடுத்துப் பிரித்தால் ஐயோ, நாலு பக்கமும் வெள்ளை வெளேர்! மேலே அம்மா என்பதும், கடைசி மடிப்புக்குள் வரலாமா என்பதும் மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற தம்பியிடம் காட்டினேன். கதிர்வீச்சு என்ன கிருமியாக்கா ப்ளீச்சிங்ல சாகுறதுக்கு என்று சிரித்தவர், தாளைக் கையில் வாங்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். முகாம்ல கதிர்வீச்சு இருக்கான்னு மீட்டர் வச்சுப் பாத்து, குளிக்கவச்சு, துணி மாத்தித்தான் அனுப்புவாங்க, அப்படி வர்றவங்களத் தொட்டா ஒண்ணும் ஒட்டாதுக்கா, கூட்டிட்டு வாங்க என்றார். பிறந்த வீட்டுக்கு வரலாமா என்று என் பிள்ளை கேட்கிறான், நான் அவன் எழுத்தை வார்டு மூட்டை மாதிரி வெளுத்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். எழுந்துபோய் ஜன்னல் துணிகளை உருவிப் போட்டார். நேற்று மாடி ஏறி, என் பையன் வருவான், வாசல் வழியாத்தான் வருவான், பிடிக்கலன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு நாங்களும் கிளம்பறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மற்றதெல்லாம் என்ன எழுதியிருந்தாய் கண்ணா? குட்டிக்குக் காய்ச்சல் என்றா, மருந்து வேண்டும் என்றா, எதை நான் அழித்துத் தொலைத்தேன்? திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு.

மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்ததற்குச் சீட்டுக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள், வழியில் யாராவது மறித்தால் காட்டலாம். லாரி டிரைவர் இதை உன் கையிலேயே தருவார். பதில் எழுத உட்காராதே, அதே லாரியில் ஏறி வந்துவிடு.

இப்படிக்கு,
உன் பைத்தியக்கார அம்மா