ராசம்மாவோட வலது காது

ஐப்பசி 4, வியாழன்
விடியவே தூத்தல் மழ. கரிசமண்ணு செருப்போட சேந்து காலப் பிடிக்கி. பருத்திக்கு நல்லது, எனக்கில்ல.
வீட்டுக்காரி ராசம்மாவுக்கு டி.பி. ஊசி. கம்பவுண்டர் வந்து போட்டுட்டுப் போனான். இருமல் கொறஞ்சிருக்கு. ஆனா எம்மேல என்னமோ கோவம். கேட்டா பதில் இல்ல.
தண்ணிக் குடத்தோட தள்ளாடிக்கிட்டு வந்தா. "ஏட்டி, கள்ளு எங்கன ஊத்துனான்? எனக்கு மிச்சம் வச்சியா?"ன்னேன். அதுக்கும் திட்டு இல்ல. திட்டாத ராசம்மா, உப்பில்லாத கஞ்சி.

ஐப்பசி 6, சனி
வெயில். வாங்க வேண்டியது: மண்ணெண்ண, வெல்லம், நல்லெண்ண.
ராசம்மா, காதுக்குள்ள சில்வண்டு கத்துதுங்கா. பக்கத்து வீட்டு முத்துலச்சுமி சொன்னா, "ஊசிச் சூடு அண்ணாச்சி. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். எண்ண தேச்சு மோரு குடுங்க." கம்பவுண்டரும் அதே பாட்டுதான்.
நானே தேச்சு விட்டேன். பின்னால இருந்து, "இருக்கதே நாலு முடி, அதுக்கு இம்புட்டு எண்ணயா?"ன்னேன். சும்மா இருந்தா. முன்னால போயிச் சொன்னேன். என் வாயவே பாத்தா. "என்ன சொல்லுதீங்க?"
கோவம் இல்ல. கேக்கல.


ஐப்பசி 8, திங்கள்
மொத பஸ்ஸு. கோவில்பட்டி. டாக்டரம்மா சின்னப் பிள்ள மாதிரி இருக்காக. சோதிச்சுப் பாத்தாக. எடது காது போயிட்டு. வலதுல கொஞ்சம் மிச்சம்.
"சூடெல்லாம் இல்ல பெரியவரே. சிலருக்கு இந்த ஊசி காது நரம்பக் கெடுக்கும். தள்ளாட்டமும் அதனாலதான். இரைச்சல் வந்த உடனே வந்திருக்கணும்."
"எங்ககிட்ட யாரும் சொல்லலியே தாயி."
குனிஞ்சுக்கிட்டு, "சொல்லியிருக்கணும்"னாக.
பெறவு ரெண்டு வழி சொன்னாக. ஊசியத் தொடந்தா நோய் சீக்கிரம் அடங்கும், மிச்சக் காதும் போயிரலாம். நிறுத்திட்டு மாத்திரை மட்டும்னா குணமாக ரொம்ப நாளாகும், ஒரு நாளும் விடக்கூடாது. போன காது எப்படியும் வராது.
"ஊசியவே போடுங்க. உசுரு முக்கியம்"ன்னேன்.
"முடிவு உங்களோடது இல்ல. அவங்ககிட்டச் சொல்லுங்க."
வலது காதுல வாய வச்சு ஒண்ணு விடாமச் சொன்னேன். என் சொந்தச் சரக்கு எதுவும் சேக்கல. கல்யாணம் ஆனதுலேருந்து இதான் மொதத் தடவ.
என் வாயக் காட்டுனா. "இந்த வாயத் திட்டித் திட்டியே இம்புட்டு வருசம் போயிட்டு. இனி அது பேசுதது கேக்காம நான் என்ன செய்ய. ஊசி வேண்டாம்."
எனக்குக் கேலி ஒண்ணும் வரல. 

ஐப்பசி 12, வெள்ளி
வானம் மோடம். மழ இல்ல.
டாக்டரம்மா சொன்னது: மாத்திரையால வாந்தி, ஒடம்புல தடிப்பு, கண்ணு மஞ்ச - எது வந்தாலும் அன்னைக்கே வரணும்.
விடிஞ்சதும் அவ இமையத் தூக்கிப் பாக்கேன். "புதுசா பொண்ணு பாக்க வந்தீரோ?"ங்கா. கேலி பண்ணுதது இப்ப அவ மொற.
இருமல் திரும்பிட்டு. சாயங்காலம் தீப்பெட்டிக் கம்பெனிச் சட்டத்துல தீக்குச்சி அடுக்கிக்கிட்டு இருந்தவ அதக் கீழ வச்சுட்டு இருமுனா. எடது பக்கமாப் போயி உக்காந்தேன்.
"எனக்கு முந்திப் போயிராதட்டி"ன்னேன்.
உதடு அசைஞ்சதப் பாத்துட்டா. "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."
எந்திரிச்சு வலது பக்கம் போனேன்.
"மாத்திர போட்டியா?"ன்னு கேட்டேன்.