ரோஸுக்காகப் படித்த பிரெஞ்சு

அன்புள்ள மதினி,

இன்று காலை அடுப்படியிலிருந்து வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. வெளியே நல்ல சாரல். ரோஸ் சூப் வைக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். அவள் மகனுக்குச் சளி பிடித்திருக்கிறது. சுக்குக் கஷாயம் போதும் என்று நான் சொன்னால் கேட்கிற ஆளா அவள்? "சித்தப்பா, ஒங்களுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருக்கேன். மூஞ்சியச் சுளிக்காம குடிங்க" என்று உள்ளிருந்தே அதட்டினாள். அப்படியே உங்கள் குரல். நீங்கள் கண்ணை மூடிய தை மாதத்திலிருந்து நெஞ்சில் கிடந்த கனம் அந்த அதட்டலில் கொஞ்சம் இறங்கியது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கே அனுப்புவது என்று கேட்டு என்னைக் கேலி செய்யாதீர்கள்.

சைகோனிலிருந்து ஊருக்கு வந்த வியாபாரி ஒருவர் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சேதியைச் சொன்ன நாள் உங்களுக்கு மறந்திருக்காது. அங்கே துணிக்கடையில் கணக்கெழுதப் போன அண்ணன் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியுடன் குடும்பம் நடத்தினான், அவள் காய்ச்சலில் இறந்துவிட்டாள், ஒரு பெண் குழந்தை இருக்கிறது, அதை அடுத்த சாரலுக்கு முன்னால் கப்பலில் அனுப்பி வைக்கப்போகிறான். இவ்வளவையும் அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்லி முடித்தார். குழந்தைக்கு ஏழு வயசாம். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படிப்பதால் பிரெஞ்சு தவிர வேறு பாஷை வாயில் வராதாம்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பாளையங்கோட்டைப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் அநாதைப் பிள்ளைகள் மடத்தில் சேர்த்துவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. "அங்க அது பாஷை தெரிஞ்சவுக இருக்காவ. இங்க அதோட ஆரு பேசுவா?"

நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னீர்கள். மாமனாருக்கு எதிரில் நீங்கள் வாயைத் திறந்து அதற்குமுன் நான் கேட்டதே இல்லை.

"நான் பேசுதேன் மாமா."

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்பாதான் முதலில் சுதாரித்துக்கொண்டு, சாரல் முடிகிறவரை பார்ப்போம், அதற்குள் பிள்ளை இங்கே ஒட்டாவிட்டால் மடம்தான் என்று முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் துவைகல் பக்கத்தில் நின்றுகொண்டு உங்களைக் கேட்டேன். அண்ணன்மேல் கோபம் இல்லையா மதினி என்று. நீங்கள் வேட்டியைப் பிழிந்த பிழியில் அது இரண்டாகக் கிழியும் போலிருந்தது. "கோவம் இல்லாமலா? ஒங்க அண்ணாச்சி இந்த வாசல்ல வந்து நிக்கட்டும், அப்ப தெரியும். அது எனக்கும் அவுகளுக்கும் உள்ளது. பசிக்குதான்னு கேக்கக்கூட நாதியில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வரக் கூடாது. நீங்க இங்கிலீசு படிச்ச கொழுந்தனார்தான? எனக்குப் பிரெஞ்சு படிச்சுக் குடுங்க."

இங்கிலீஷ் படித்தவனுக்குப் பிரெஞ்சும் வரும் என்ற உங்கள் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் பிரெஞ்சு எங்கே தெரியும்? ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவரிடம் இங்கிலீஷ் வழியாகப் பிரெஞ்சு கற்பிக்கும் புத்தகம் ஒன்று இருந்தது. அதன் முன்பக்கங்கள் செல்லரித்துப் போயிருந்தன. நான் இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்ல, நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டே திருப்பிச் சொல்வீர்கள். என் மாமாவின் குதிரை சோம்பேறி. ஜெனரலின் தொப்பி என் சகோதரியின் தொப்பியைவிடப் பெரியது. இப்படியே பக்கம் பக்கமாகப் போயிற்று. ஒருநாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டீர்கள். "பிள்ளை பசியோட நிக்கையில நான் குதிரையப் பத்தியா பேசிக்கிட்டு இருப்பேன்?"

அடுத்தது ஜெபப் புத்தகம். மாதாகோயில் உபதேசியாரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். ஒரு பக்கம் பிரெஞ்சு, எதிர்ப் பக்கம் தமிழ். பிரெஞ்சு எழுத்துக்குமேல் நான் பென்சிலால் தமிழில் உச்சரிப்பைக் குறித்துக் கொடுத்தேன். அது சரியா தப்பா என்று அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். நீங்கள் திருநீறு பூசிய நெற்றியோடு உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்ததைப் பார்த்து அம்மா மிரண்டு போனாள். உங்களுக்கே அதில் முழுத் திருப்தி இல்லை. "இதுல பூராவும் கெஞ்சல்லா இருக்கு! சாமிகிட்ட கெஞ்சுத மாதிரி பிள்ளைகிட்ட பேச முடியுமா? பழகுத பேச்சு வேணும் தம்பி."

பழகுகிற பேச்சு கிடைத்தது குற்றாலத்தில். சாரல் காலத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் பங்களாக்களில் ஒன்றில் காரைக்கால்காரர் ஒருவர் பட்லராக இருந்தார். வாலிபத்தில் பிரெஞ்சுக் கப்பல்களில் சமையல்கட்டில் வேலை பார்த்தவர். மற்ற மாதங்களில் பங்களா பூட்டிக் கிடக்கும், அவர்தான் காவல். குற்றாலநாதரைக் கும்பிடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வில்வண்டியில் போவோம். கும்பிடவும் செய்தோம், பொய் சொல்லவில்லை. பிறகு பங்களாவின் பின்கட்டு. பட்லர் துரையின் கிராமபோனில் ஒரு பிரெஞ்சுப் பாட்டு பிளேட்டைப் போடுவார். அதில் ஓர் அம்மாள் மூக்கால் பாடுவதைக் கேட்டு நீங்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பீர்கள். அதன்பின் அவர் பேச்சைச் சொல்லிக்கொடுப்பார். வா, உட்கார், எழுந்திரு, தட்டை எடு, தண்ணீர் கொண்டு வா, சீக்கிரம். சீக்கிரத்துக்கு அவர்கள் 'வித்' என்பார்கள். எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள், வாயில் சுளுவாக வந்தன. "இதுல்லா பாஷை!" என்று பூரித்துப் போனீர்கள். வீடு திரும்பும் வழியில் வண்டி மேலகரம் தாண்டுவதற்குள் என்னை 'வித், வித்' என்று விரட்ட ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஆனி மாதம் தூத்துக்குடிக்குப் போய்க் குழந்தையை அழைத்து வந்தேன். கப்பலில் கூட வந்த குடும்பம் அவளை ஒரு தகரப் பெட்டியோடு என்னிடம் ஒப்படைத்தது. ரயிலில் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குத் தெரிந்த குதிரை வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நீங்கள் காத்து நின்றீர்கள். முகமெல்லாம் சிரிப்பாக, அத்தனை நாள் படித்ததை ஒரே மூச்சில் சொன்னீர்கள். உள்ளே வா! உட்கார்! தட்டை எடு! சாப்பிடு! வித், வித்! குழந்தை ஒவ்வொன்றையும் சொன்னபடி செய்தாள். சொன்ன உடனே வந்தாள், உட்கார்ந்தாள், தட்டை எடுத்தாள். நீங்கள் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பாத்தியளா அத்தே, நான் பேசுதது அவளுக்கு ஒண்ணு விடாம வெளங்குது."

விளங்கத்தான் செய்தது. அடுத்த நாள் நாம் எழுந்திருக்கும்முன் அவள் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட பாத்திரங்களை ஒருவரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஓரமாகக் குந்தி, இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். பேச்சு என்பது மருந்துக்கும் இல்லை. நீங்கள் கூப்பிட்டால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். முதலில் உங்களுக்கு அது பெருமையாக இருந்தது. எவ்வளவு பதவிசாக வளர்த்திருக்கிறார்கள் என்றீர்கள். நாளாக ஆக உங்கள் முகம் வாடியது. அம்மாதான் பட்டென்று சொன்னாள்: "ஏட்டி, இது பிள்ளையாவா இருக்கு? வேலைக்கு வந்தவ மாதிரில்லா இருக்கு." அப்பா மடத்துக்கு ஆள்விட்டு விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

வேறு வழி தெரியாமல் அவளையும் கூட்டிக்கொண்டு பட்லரிடம் போனோம். குற்றாலத்தில் கூட்டமான கூட்டம். எண்ணெய் தேய்க்கிறவர்கள் கூவி அழைத்துக்கொண்டிருந்தார்கள். பங்களாவில் துரைமார் அருவிக்குப் போயிருந்த நேரம். பின்கட்டில் பட்லர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் அவருக்குக் காட்டுவதற்காகக் குழந்தையைப் பார்த்து, "வா! இங்கே நில்! வித்!" என்றீர்கள். அவள் ஓடி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பட்லர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யய்யோ அம்மா, புள்ளைகிட்டயா இப்படிப் பேசுறீங்க?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான?"

"அது கப்பல்ல துரைங்க எங்கிட்டப் பேசுன பேச்சும்மா. எங்கிட்ட வேற யாரு என்னத்தப் பேசுனா? எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." அவர் கண் கலங்கியிருந்தது வெங்காயத்தாலா என்று தெரியவில்லை. "புள்ளைய வேலைக்காரியால்ல அதட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க."

மதினி, அந்த நேரம் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தாயை இழந்து கடல் தாண்டி வந்த பிள்ளை, வந்து இறங்கிய வாசலிலேயே ஏவல் கேட்டிருக்கிறாள். தன்னை வேலைக்கு அழைத்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் அத்தனை நாளும் பாத்திரம் தேய்த்திருக்கிறாள். நீங்கள் நனைந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அவளிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும். உங்களிடம் இருந்த ஏவல் இல்லாத பிரெஞ்சோ ஜெபப் புத்தகம் ஒன்றுதான். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே, அதை அப்படியே ஒப்பித்தீர்கள். ஆண்டவரே, என் பாவங்களுக்காக மனம் வருந்துகிறேன். நான் தகுதியற்றவள். எங்களை விட்டு அகலாதேயும். எங்களோடு தங்கியிரும்.

குழந்தை கண்ணை விரித்துப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நான் நினைத்தேன். சிரித்துவிட்டாள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பின் நடுவே மடைதிறந்தாற்போல் என்னென்னவோ பேசினாள். நம் இருவருக்கும் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "என்ன சொல்லுதா, என்ன சொல்லுதா?" என்று பட்லரை உலுக்கினீர்கள்.

"'நான் ஆண்டவர் இல்லே, நான் ரோஸ்'ங்குது."

அப்புறம் பட்லர் துரைமாருக்கு வைத்திருந்த வெங்காய சூப்பில் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார். ரோஸ் அதைக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாள். வண்டியில் திரும்புகையில் உங்கள் மடியில் தூங்கிப்போனாள். எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை.

அதற்குமேல் உங்களுக்குப் பிரெஞ்சு வாத்தியார் ரோஸ்தான். நீங்கள் கெஞ்சியும் ஏவியும் பேசியதையெல்லாம் திருத்தினாள். பதிலுக்கு நம் வீட்டுப் பேச்சு அவளிடம் ஒட்டிக்கொண்டது. ஆவணியில் சாரல் முடிந்து வெயில் வந்தது. அப்பா ஒருநாள் வெற்றிலைச் செல்லத்தை மூடிவிட்டு, மடத்திலிருந்து பதில் வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று பொதுவாகக் கேட்டார். நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கூடத்தில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த ரோஸ் தலையைத் தூக்கினாள்.

"நான் எங்கனயும் போவ மாட்டேன் தாத்தா. நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

அப்பா திகைத்துப் போனார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரித்தான். இது நம்ம வீட்டுப் பொம்பளதான்" என்று மறுபடி செல்லத்தைத் திறந்தார். மடத்துப் பேச்சு அதோடு முடிந்தது.

உங்களைத் தேடி அடுப்படிக்கு வந்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இன்னும் என்ன என்றேன். அப்போதுதான் சொன்னீர்கள்.

"நான் புனலூர்லருந்து கட்டிக்கிட்டு வந்த புதுசுல வாயத் தொறந்தா மலையாளம் மலையாளம்னு எல்லாரும் சிரிச்சிய. ரொம்ப நாள் நான் இந்த வீட்டுல பேசவே இல்ல தம்பி. ஆராவது கவனிச்சியளா? வீட்டுக்கு வாரவ மட்டுந்தான் பாஷை மாத்திக்கிடணுமா?"

உங்களை எனக்குப் பேச்சு குறைந்த மதினியாகத்தான் சின்ன வயசிலிருந்து தெரியும். பேச்சை விழுங்கிக்கொண்டிருந்த மதினி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்கள் ஊர்ப் பேச்சில் எனக்கு ஒரு சொல் சொல்லித் தாருங்கள் என்றேன். கேலி செய்கிறேனோ என்று என்னை உற்றுப் பார்த்தீர்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விஷமிக்கண்டா" என்றீர்கள். வருத்தப்படாதே என்று அர்த்தம்.

பிரெஞ்சு எனக்கு அடியோடு மறந்துவிட்டது. குதிரை மட்டும் எப்போதாவது நினைவுக்கு வரும். அன்று ஒரு சொல்லில் தொடங்கி உங்களிடம் பழகிய மலையாளம் மறக்கவில்லை. தையில் உங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு ரோஸ் வெறும் தரையில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "விஷமிக்கண்டா மோளே" என்றேன். அவள் தலை தூக்கி என்னைப் பார்த்து, உங்கள் பேச்சிலேயே எனக்குப் பதில் சொன்னாள். இருவரும் வெகுநேரம் அதிலேயே பேசிக்கொண்டிருந்தோம். அதைப் படிக்க எங்களுக்குப் புத்தகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை மதினி. நீங்கள் இருந்தீர்கள்.

உங்கள் கொழுந்தன்